யார் பேசினால் அது கொச்சை?

எங்களோடு வேலை செய்யும் ஒரு தம்பிக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். இடம் மதுரை கே.கே. நகர். ஆர்ச்சைத் தாண்டி உள்ளே ஒரு தெருவில் ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கியது. அதிலிருந்த எண்ணுக்குத் தம்பியே பேசினார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எப்படி, மோட்டார் கரண்ட் பில் யார் கட்டுவது என்று ஐந்து நிமிடம் நல்லபடியாகப் போனது. “மரியாதையாப் பேசுறீங்க தம்பி. எந்த ஊரு?” என்றார் வீட்டுக்காரர்.

“மேலூர்ப் பக்கம்ங்கய்யா.”

“மேலூர்ப் பக்கம்னா? ஊருக்குள்ளயா, காலனியா?”

“காலனிதாங்கய்யா.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தம்பி, அட்வான்ஸை நாளைக்கே கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டார். “என்ன சொல்றீங்க? வெளங்கல. தெளிவாப் பேசுங்க” என்றார் அவர். தம்பி அதே வார்த்தைகளை, இன்னும் நிதானமாக, மறுபடி சொன்னார். “ஒண்ணும் வெளங்கல தம்பி. சொந்தக்காரங்க கேட்டுருக்காங்க, பாத்துட்டுச் சொல்றேன்.” போன் வைக்கப்பட்டது.

வீடு கிடைக்காமல் போவது நமக்குப் புதிதில்லை. அன்று எங்களை யோசிக்க வைத்தது அந்த ‘வெளங்கல’ என்ற சொல். அதே குரல், அதே போன், அதே தமிழ். ஐந்து நிமிடம் விளங்கியது எப்படி ஒரு சொல்லுக்குப் பிறகு விளங்காமல் போனது? அவர் பொய் சொன்னார் என்று தள்ளிவிட்டுப் போகலாம். பொய்யாகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு உண்மையிலேயே விளங்காமல் போயிருந்தால்? பேசுகிறவர் யார் என்று தெரிந்தவுடன் கேட்கிறவரின் காது மாறிவிடும் என்றால், அது பொய்யை விடப் பெரிய சிக்கல். பொய் சொல்கிறவருக்காவது தான் செய்வது தெரியும்.

படத்தைப் பார்த்துக் கேட்ட காதுகள்

1992-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ரூபின் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண்ணின் விரிவுரையைப் பதிவு செய்து, மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பிரிவினர் கேட்கும்போது வெள்ளைக்காரப் பெண்ணின் படம் எதிரே இருந்தது. இன்னொரு பிரிவினருக்கு ஆசியப் பெண்ணின் படம். ஒலிநாடாவில் இருந்தது ஒரே குரல்தான். ஆனால் ஆசிய முகத்தைப் பார்த்தபடி கேட்ட மாணவர்கள், அந்தப் பேச்சில் அந்நிய உச்சரிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை. விரிவுரையிலிருந்து கேள்வி கேட்டபோது அவர்கள் குறைவாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

அதாவது, ‘இவர் இப்படித்தான் பேசுவார்’ என்ற எதிர்பார்ப்பு காதுக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறது. அங்கே அந்த வேலையை முகம் செய்கிறது. நம் ஊரில் முகத்தைப் பார்த்துச் சாதியைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இங்கே கேள்வி கேட்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், குலசாமி எது? ஜார்ஜியாவில் மேசைமேல் வைத்த படம் செய்த வேலையை, மதுரையில் ‘ஊருக்குள்ளயா, காலனியா’ என்ற கேள்வி செய்துவிடுகிறது.

இந்தக் காது ஒரே நாளில் வளர்ந்ததல்ல. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

இலக்கணத்தில் ஒரு சாதிக் கணக்கு

தமிழ் மரபிலக்கணம் நல்ல வழக்கு எது என்று வரையறுக்கும்போது ஒலியை வைத்து வரையறுக்கவில்லை, ஆளை வைத்து வரையறுத்தது. வழக்கு என்பது உயர்ந்தோருடையது என்பது தொல்காப்பிய மரபியலின் நிலைப்பாடு. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ‘இழிசனர் வழக்கு’ என்ற சொல்லும் நம் இலக்கண மரபில் புழங்கியது. உயர்ந்தோர் என்பது அறிவால் உயர்ந்தவர்களைத்தான் குறிக்கும் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். அறிவைப் பெறும் இடங்களின் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தானே அந்தச் சொல்லைப் படிக்க வேண்டும்?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு சொல் தாழ்ந்ததா இல்லையா என்பதைச் சொல்லின் உள்ளே தேட வேண்டியதில்லை, சொன்னவரைப் பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது. தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு.

வாயைப் பொத்தச் சொன்னவர்கள்

எதிர்பார்ப்பு மனதுக்குள் மட்டும் இருந்ததில்லை. அடித்து நடைமுறைப்படுத்தவும் பட்டது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூரில் வேலை செய்த லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர், 1871-இல் வெளியிட்ட நூலில் அடிமைச் சாதியினரின் பேச்சு எப்படிக் கட்டுப்படுத்தப்பட்டது என்று எழுதியிருக்கிறார். மேல்சாதிக்காரர் முன்னால் ‘நான்’ என்று சொல்லக் கூடாது, ‘அடியன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தான் உண்பதைச் ‘சோறு’ என்று சொல்லக் கூடாது, ‘கரிக்காடி’ என்று சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளைக் குரங்கு என்றோ கன்று என்றோ சொல்ல வேண்டும். பேசும்போது மூச்சுக்காற்று பட்டு எதிரே இருப்பவருக்குத் தீட்டாகிவிடாமல் கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசிப் பாருங்கள். யார் பேசினாலும் தெளிவாகக் கேட்காது. தலைமுறை தலைமுறையாக வாயைப் பொத்த வைத்துவிட்டு, ‘இவர்களுக்குத் தெளிவாகப் பேச வராது’ என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்?

அது எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1930 டிசம்பரில் நமக்குப் பக்கத்திலிருக்கும் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை அணிவது, சட்டை போடுவது, குடை பிடிப்பது, செருப்பு அணிவது போன்றவை அதில் அடக்கம். 1931-இல் அந்தப் பட்டியல் பதினொன்றாக நீண்டது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். எழுத்தைத் தடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், எழுத்து நடைக்குப் பக்கத்தில் இல்லாத நம் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

‘ழ’ யாருக்கு வரவில்லை?

இப்போது பேச்சுக்குள்ளேயே வருவோம். நம் பேச்சு உண்மையிலேயே மற்றவர் பேச்சை விட அதிகமாகச் சிதைந்திருக்கிறதா?

தமிழில் சாதிக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பை பிரெஞ்சு அறிஞர் ழூல் பிளாக் 1910-லேயே எழுதினார். பிறகு வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் சேர்ந்து எழுதி 1964-இல் வெளியான கட்டுரை முக்கியமானது. பிராமணர் பேச்சையும் பிராமணரல்லாதார் பேச்சையும் ஒப்பிட்டு, இரண்டு பேச்சும் மாறியிருக்கின்றன, மாறும் விதம்தான் வேறு என்று காட்டினார்கள். ஒரு பக்கம் வெளிமொழிச் சொற்களையும் ஒலிகளையும் கூடுதலாக எடுத்துக்கொண்டது. இன்னொரு பக்கம் ஒலிகள் இயல்பாக மாறின. ‘வாழைப்பழம்’ ‘வாளப்பளம்’ ஆனது இரண்டாவது வகை. ‘அகத்துக்கு’ என்பது ‘ஆத்துக்கு’ என்று ஆனதும், ‘தண்ணீர்’ இருக்க ‘ஜலம்’ வந்ததும் மாற்றம்தான். ஆனால் ‘ஆத்துக்கு’ என்று சொல்பவரை யாரும் கொச்சையாகப் பேசுகிறார் என்று சொன்னதில்லை.

மதுரையைச் சுற்றி ‘ழ’வை ‘ள’ என்று சொல்வது ஏதோ ஒரு தெருவின் வழக்கமல்ல. மாட்டுத்தாவணியில் பழம் விற்பவரும் சொல்கிறார், காரில் வந்து அதை வாங்குபவரும் சொல்கிறார். நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் ஒரு பெண்குழந்தை, பள்ளி விழாவில் ‘தமிள்’ என்று சொன்னதற்காகப் பேச்சுப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டாள். கேட்கப் போனோம். “காலனிப் பிள்ளைகளுக்கு நாக்கு வராது சார், நாங்க என்ன செய்ய?” என்றார் ஆசிரியர். பேசி முடித்துக் கிளம்பும்போது பக்கத்தில் நின்ற ஊழியரிடம், “விருந்தாளிகளுக்கு வாளை எலை வாங்கியாச்சா?” என்று கேட்டார். அவர் காதுக்கு அவருடைய ‘ள’ விழவேயில்லை.

இன்னொன்றும் உண்டு. பேச்சில் உண்மையான வேறுபாடு இருக்கும் இடத்திலும் அது நாக்கால் வருவதில்லை. ஜான் கம்பர்ஸ் உத்தரப் பிரதேசத்தின் சகரன்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் செய்த ஆய்வை 1958-இல் வெளியிட்டார். தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்ட சாதியினர் தினமும் மேல்சாதியினரிடம் வேலை செய்தும் அவர்கள் பேச்சு தனியாக இருப்பதைக் கண்டார். வேலை உறவு பேச்சை ஒன்றாக்குவதில்லை, சேர்ந்து உட்கார்ந்து பேசும் நட்புறவுதான் ஒன்றாக்குகிறது என்பது அவர் வந்தடைந்த முடிவு. நம்மைச் சேர்த்து உட்கார வைக்காததன் சுவடுதான் அந்த வேறுபாடு. அதையே நம்மைச் சேர்க்காததற்குக் காரணமாகவும் காட்டுகிறார்கள்.

சினிமாவைப் பாருங்கள். நம் மதுரைப் பேச்சு, ஆதிக்க சாதிப் பெருமை பேசும் நாயகனின் வாயில் வரும்போது திரையரங்கில் விசில் பறக்கிறது. சென்னையின் குப்பங்களிலும் சேரிகளிலும் வாழ்ந்த உழைக்கும் மக்களின் பேச்சு வெகுகாலம் நகைச்சுவை நடிகரின் வாயில்தான் வந்தது. எழுத்துத் தமிழிலிருந்து இரண்டும் தள்ளித்தான் நிற்கின்றன. ஒன்றை வீரம் என்றும் இன்னொன்றைக் காமெடி என்றும் கேட்கப் பழக்கப்பட்டிருக்கிறோம்.

யாழ்ப்பாணமும் கருக்கும்

‘இழிசனர் வழக்கு’ என்ற சொல் பழைய உரைகளோடு செத்துவிடவில்லை. 1960-களின் தொடக்கத்தில் இலங்கையில் அதற்கு மறுபடி உயிர் வந்தது. முற்போக்கு எழுத்தாளர்கள் மக்கள் பேசும் மொழியில் கதை எழுதியபோது, மரபுவழிப் பண்டிதர்கள் அதை இழிசனர் வழக்கு என்று சாடினார்கள். கைலாசபதி, சிவத்தம்பி போன்றவர்கள் எதிர்த்து வாதாடினார்கள். ‘மரபுப் போராட்டம்’ என்று ஈழத்து இலக்கிய வரலாறு இதைக் குறிப்பிடுகிறது.

அந்தக் கதைகளை எழுதியவர்களில் கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். பள்ளியில் ஆசிரியர் சாதியைச் சொல்லி அவமதித்ததால் படிப்பு நின்றுபோனதை ஜீவா தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுப்பு இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966-இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். தொடக்கத்தில் அந்த இதழின் அலுவலகமாக இருந்தது அவருடைய சலூன்தான். டானியலின் ‘பஞ்சமர்’ 1972-இல் வந்தது.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் தி. ஜானகிராமனின் கதைகளில் தஞ்சாவூர் பிராமணக் குடும்பங்களின் பேச்சு அப்படியே வந்தது. அதைப் படித்தவர்கள் மண்ணின் மணம் என்று மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டியதுதான், நாங்களும் மகிழ்ந்து படித்தவர்கள்தான். ஆனால் சலூனிலிருந்தும் சலவைத் துறையிலிருந்தும் அதே அளவு இயல்பாகப் பேச்சு வந்தபோது அது ஏன் இழிவாகக் கேட்டது?

முப்பது ஆண்டு கழித்து நம் மதுரையிலேயே இது திரும்ப நடந்தது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு அருகே புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் மதுரையின் சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியிட்ட நூலாக வந்தது. தன் தெரு பேசும் தமிழிலேயே அவர் எழுதினார். இதெல்லாம் ஒரு மொழியா என்று முகம் சுளித்தவர்கள் அப்போது இருந்தார்கள். லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-ஆம் ஆண்டுக்கான கிராஸ்வேர்ட் விருது பெற்றது. இன்று ‘கருக்கு’ பல்கலைக்கழகங்களில் பாடம். நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, கேட்டவர்களின் காதுதான் மாறியது. எனவே காது மாறக்கூடியதுதான் என்பதற்கும் இதுவே சாட்சி.

சாட்சிக் கூண்டில்

இலக்கியத்தில் காது கேட்காவிட்டால் விருது போகும், பெயர் போகும். நீதிமன்றத்தில் காது கேட்காவிட்டால் என்ன போகும் என்பதற்கு வெண்மணி இருக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பணக்காரர்களான மிராசுதார்கள், அதிலும் கார் வைத்திருக்கும் ஒருவர், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பு சொன்னது. கண்ணால் பார்த்ததாகக் கூலிக்காரர் சொன்னதை, ‘மிராசுதார் இப்படிச் செய்ய மாட்டார்’ என்ற எதிர்பார்ப்பு தோற்கடித்துவிட்டது. கே.கே. நகர் வீட்டுக்காரரின் ‘வெளங்கல’வும் இதுவும் ஒரே காதுதான். ஒன்றில் ஒரு வாடகை வீடு போனது, இன்னொன்றில் 44 உயிர்களுக்கான நீதி போனது.

வாச்சாத்தியையும் சொல்ல வேண்டும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து பழங்குடி மக்களைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் சொன்னதை நம்ப வைக்க 19 ஆண்டு ஆனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023-இல் வாச்சாத்திக்கே நேரில் போனார். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். அந்தப் பெண்கள் 1992-இல் சொன்னதைத்தான் கடைசி வரை சொன்னார்கள்.

நம் காதுகளும்

இவ்வளவும் எழுதிவிட்டு நம்மை விட்டுவிட்டால் நியாயமில்லை. இந்தியாவில் ஆசிரியர்களிடம் விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்து ஹன்னா, லிண்டன் என்ற இரு பொருளியலாளர்கள் செய்த சோதனை 2012-இல் வெளியானது. முகப்பில் எழுதிய மாணவரின் சாதியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று போட்ட தாள்களுக்குச் சற்றுக் குறைவாகவே மதிப்பெண் விழுந்தது. இதில் நம்மைச் சுட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் குறைப்பு பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களிடமிருந்தே வந்தது. ஆதிக்கத்தின் காது நம் தலையிலும் முளைத்திருக்கிறது.

எங்கள் அனுபவமும் அதுதான். கிராமத்திலிருந்து ஓர் அக்கா வன்கொடுமைப் புகாரோடு எங்களிடம் வந்தார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் ‘நல்ல தமிழில்’ மனு எழுதினோம். “ஆபீசர் முன்னாடி இப்படிப் பேசாதீங்கக்கா, நிறுத்தி நிதானமாப் பேசுங்க” என்று பயிற்சியும் கொடுத்தோம். எழுதியதை வாசித்துக் காட்டினோம். “நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா இதுல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டார். அவரைத் திட்டிய வார்த்தைகளை ‘தகாத வார்த்தைகளால்’ என்று சுருக்கியிருந்தோம். அவர் திருப்பிக் கேட்ட கேள்வியை மனுவிலிருந்தே எடுத்துவிட்டிருந்தோம். சமூகவியல் படித்த நாங்கள், அவர் வாயைப் பொத்தியிருந்தோம். அன்றே கிழித்துப் போட்டுவிட்டு, அவர் சொன்னபடி சொல்லுக்குச் சொல் எழுதினோம்.

சட்டம் இதைக் கொஞ்சம் புரிந்துவைத்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய காவல் அதிகாரி, கையெழுத்து வாங்கும் முன் அதைப் புகார்தாரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இது அவர் கடமை. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. நம் மக்களில் பலர் இதைக் கேட்பதில்லை, கேட்கலாம் என்று தெரிவதும் இல்லை.

1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு இழிவாக ஆக்கப்பட்ட பெயர்களுக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் அட்டையில் எழுத்து மாறிய பிறகும் வீட்டுக்காரர் வேறொரு கேள்வி கண்டுபிடிப்பார். பெயர்ப் பலகையை அரசு மாற்றலாம், காதை நாம்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை யாரையாவது காவல் நிலையத்துக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ கூட்டிப்போகும்போது அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். அவர் பேசட்டும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். எதிரே இருப்பவர் ‘வெளங்கல’ என்றால், இன்னொரு முறை அதே வார்த்தைகளில் சொல்லச் சொல்லுங்கள். விளங்கும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

ஜெய் பீம்.